அமெரிக்காக்காரன் காப்பியடித்த கதவு

ராஜாங்கம் மேஸ்திரி மாட்டிய கதவு வீடு போனாலும் போகாது என்று மரக்காணத்தில் ஒரு பேச்சு உண்டு. அனுமந்தைக் கரையில் ஒரு புயலின்போது கூரை, சுவர், அடுப்பு, அடுப்பில் கொதித்த மீன் குழம்பு எல்லாம் கடலோடு போய்விட, அவர் போட்ட கதவு மட்டும் நிலையோடு மணலில் நின்றதாம். வீட்டுக்காரர் காலையில் வந்து, சுற்றிலும் வெட்டவெளியாகக் கிடந்தும், கதவைத் தள்ளித் திறந்துகொண்டுதான் உள்ளே போனாராம். இந்தக் கதையைச் சொன்னதே ராஜாங்கம்தான். அதனால் பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதிக்கும் அது நல்ல கதவுதான்.

ராஜாங்கம் பிறவி ஆசாரி இல்லை. படகு செப்பனிடும் இடத்தில் உளி பிடிக்கக் கற்றவர். அதனால் இரும்பைக் கண்டால் அவருக்கு ஆகாது. உப்புக் காற்றில் இரும்புக் கீல் முதல் வருஷம் சிவக்கும், இரண்டாம் வருஷம் உதிரும், மூன்றாம் வருஷம் கீல் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னால் மாட்டியவனே விழிப்பான். ராஜாங்கத்தின் கதவுக்குக் கீலே கிடையாது. பலகையிலேயே மேலும் கீழும் குடுமி செதுக்கி, அதை நிலையில் குடைந்த குழியில் நிறுத்திவிடுவார். கதவு அதில் சுற்றும். அடிக்கிற ஆணியும் மர ஆணி.

இன்னொன்று. அவர் போட்ட கதவுகள் அத்தனையும் உள்பக்கமாகத்தான் திறக்கும். கேட்டால் இரண்டு காரணம் சொல்வார். வெளியே திறக்கிற கதவைக் கடல்காற்று ஒரு நாள் பிய்த்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போய்விடும் என்பது ஒன்று. கதவு உள்ளே திறந்தால்தான் லட்சுமி உள்ளே வருவாள், வெளியே திறந்தால் வாசலில் நிற்கிறவளை நாமே நெஞ்சில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி ஆகும் என்பது இன்னொன்று.

அப்படி அவர் போட்டதிலேயே பெரிய கதவு, ஆதிமூலம் முதலாளியின் உப்புக் குடோன் கதவு. மூன்று அங்குலக் கனம், ஒன்றரை ஆள் உயரம். மூடினால் வெளிச்சம்கூட அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். உப்பே லட்சுமி என்கிற ஊரில், உப்பு வைக்கிற இடத்துக்குக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அந்தக் குடோனுக்குள் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து, அம்பாரமாகக் குவிந்த உப்பைக் கோணியில் அள்ளி வாய் தைப்பார்கள். காற்றில் ஈரம் ஏறி உப்பு கசியாமல் இருக்கக் கதவு மூடியே இருக்கும். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி அம்சவள்ளி, ராஜாங்கத்தின் மனைவி.

எழுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம். அமெரிக்காக்காரனும் ரஷ்யாக்காரனும் ஆகாயத்தில் வண்டியோடு வண்டியைச் சேர்த்துக் கைகுலுக்கிக்கொண்டார்கள் என்று ரேடியோ சொல்லி ஒரு வாரம் ஆகியிருக்கும். பாண்டிச்சேரி பஸ் கண்டக்டர் மரியதாஸ், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வழவழப்பான ஒரு இங்கிலீஷ் புத்தகத்தோடு இறங்கினான். யாரோ வெள்ளைக்காரன் சீட்டில் மறந்துவிட்டுப் போனது. பஸ் பத்து நிமிஷம் நிற்கும்.

“மேஸ்திரி, ஒன் தொழிலு இதுல வந்துக்குது பாரு.”

“இன்னாது, கட்டிலா?”

“கட்டில் போட்டுப் படுக்கவா மேல போறான்? கதவு! ராக்கெட்டு கதவு!”

ராஜாங்கம் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு பக்கம் காம்பு இல்லாததால் அந்தக் காதுக்கு நூல் கட்டியிருந்தது. பாதி அறுத்துப்போட்ட பலாப்பழம் மாதிரி, வண்டியைக் குறுக்கே வெட்டி உள்ளே இருப்பதையெல்லாம் படம் போட்டிருந்தான். சீட்டு, குழாய், முடிச்சு முடிச்சாக ஒயர். அதையெல்லாம் விட்டுவிட்டு ராஜாங்கத்தின் விரல் நேராகக் கதவுக்குப் போனது.

“இது எந்தப் பக்கம்பா தொறக்குது?”

மரியதாஸ் எட்டாவது வரை பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எழுத்துக்கூட்டிப் படித்து, தெரியாத இடத்தைத் தைரியத்தால் நிரப்பிக்கொள்வான். “பழைய வண்டில... உள்பக்கம். உள்பக்கமாத்தான் தொறக்குது. உள்ள காத்து இருக்குது, வெளிய போனா காத்தே கெடையாது. அப்ப உள்ள இருக்கற காத்து கதவ நெட்டித் தள்ளிக்கினே இருக்கும். தள்ளத் தள்ள அது நெலையோட ஒட்டிக்கும். எவன் கை தவறிப் பட்டாலும் தொறக்காது. அதுக்காவத்தான் உள்பக்கம் வச்சானாம்.”

ராஜாங்கம் டீ கிளாசைக் கீழே வைத்தார். வைத்த வேகத்தில் பாதி டீயைப் பெஞ்சு குடித்தது.

“பாத்தியா! பாத்தியாடா! அமெரிக்காக்காரனும் உள்பக்கம்!”

“இரு மேஸ்திரி, இன்னும் இருக்குது, கீழ ஒரு...”

டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தான். மரியதாஸ் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடினான். புத்தகமும் அவனோடு ஓடியது.

அதற்கப்புறம் நான்கு நாள் மரியதாசுக்கு வேறு ரூட்டில் டூட்டி. நான்கு நாள் ராஜாங்கத்துக்குப் போதுமானதற்கு மேல். முதல் நாள், அமெரிக்காக்காரனும் தன்னைப் போலவே யோசிக்கிறான் என்றார். இரண்டாம் நாள், தன்னைப் பார்த்துத்தான் யோசிக்கிறான் என்றார். மூன்றாம் நாள், சிவப்புத் தலைமுடிக்காரன் ஒருவன் முன்னொரு காலத்தில் குடோன் வாசலில் முழம் போட்டுக்கொண்டு நின்றது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

“அவன் எப்பய்யா வந்து ஒன் கதவப் பாத்தான்?” என்றாள் அம்சவள்ளி, சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே. “எனக்குத் தெரியாம?”

“நீ உள்ள தச்சிக்கினு இருந்த.”

“போன வாரம் மேல இருந்து பாத்தான்னு சொன்னியே?”

“மேல இருந்தும் பாத்தான். அவனுக்கு இன்னா, சுத்திக்கினேதான இருக்கான்.”

ஆதிமூலம் முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை கதவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, கற்பூரம் காட்டினார். பாண்டிச்சேரி வியாபாரிகளிடம், “நம்ம குடோனு ராக்கெட் கதவு போட்ட குடோனு” என்று சொல்லிவிட்டார். அவர்களும் நம்பிவிட்டார்கள். ஒரு வியாபாரி வந்து கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனதாகக் கேள்வி.

ஐந்தாம் நாள் மரியதாஸ் பழைய ரூட்டுக்கு வந்தான். ராஜாங்கம் டீக்கடையில் கூட்டத்தோடு காத்திருந்தார்.

“கண்டக்டரே, படிச்சுச் சொல்லு இவனுங்களுக்கு. நான் சொன்னா நம்ப மாட்றானுங்க.”

மரியதாஸ் உட்காரவில்லை. “மேஸ்திரி, அன்னிக்கு நீ மீதியக் கேக்கல.”

“மீதி இன்னா?”

மரியதாஸ் புத்தகத்தைப் பிரித்தான். இந்த முறை அவன் தைரியத்தால் எதையும் நிரப்பவில்லை. தெரியாத இடத்தில் நின்று, தெரியாது என்றே சொன்னான். அந்த உள்பக்கக் கதவு வண்டி ஆகாயத்துக்கே போகவில்லை. அறுபத்தேழாம் வருஷம், தரையிலேயே, ஒத்திகை நாளன்று, மூன்று பேரை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே எங்கேயோ நெருப்புப் பற்றியது. சூட்டில் உள்ளே இருந்த காற்று பெருத்தது. பெருத்த காற்று கதவை நிலையோடு அமுக்கிப் பிடித்துக்கொண்டது. முதலில் காற்றைக் குழாய் வழியாக வெளியே விட்டால்தான் கதவை உள்ளே இழுக்க முடியும். அந்த வேகத்துக்கு விட்டு மாளவில்லை. வெளியே இருந்தவர்கள் திறப்பதற்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆகவேண்டிய வேலையாக அது இருக்கவில்லை. அதற்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

“அந்த மூணு பேர்ல ஒருத்தன்,” என்று மரியதாஸ் மெதுவாகச் சொன்னான், “அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி வேற ஒரு வண்டில மேல போயிட்டு வந்து கடல்ல எறங்கியிருக்கான். அந்த வண்டி கதவு, வெடி வச்சு வெளிய பறக்கற கதவு. சமயம் வரதுக்கு முன்னாடியே அது பறந்துடுச்சு. தண்ணி உள்ள பூந்து வண்டி முழுவிடுச்சு. இவன் நீஞ்சித் தப்பிச்சிருக்கான்.”

“அவனா?” என்றார் ராஜாங்கம்.

“அவனேதான். இந்த மாதிரி தானாத் தொறந்துக்கக் கூடாதுன்ற பயமும், உள்பக்கம் கதவு வச்சதுக்கு ஒரு காரணமாம். போட்டிருக்கான்.”

ராஜாங்கம் படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். திறக்கக் கூடாத நேரத்தில் திறந்த கதவு ஒன்று. திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காத கதவு ஒன்று. இரண்டுக்கும் பின்னால் ஒரே ஆள். இரண்டு கதவையும் செய்தவன் முட்டாள் இல்லை. தொழில் தெரிந்தவன், பயந்து பயந்து செய்தவன். போன தடவை எது கடித்ததோ அதைப் பார்த்தே பயந்திருக்கிறான். கடலைப் பார்த்துக் கதவு செய்தவன் நெருப்பைப் பார்க்கவில்லை. தானும் இத்தனை வருஷம் காற்றைப் பார்த்துத்தானே கதவு செய்தோம் என்று நினைத்தார்.

“அப்பறம் இன்னா பண்ணான்?”

“புதுசா வெளிய தொறக்கற கதவு. ஒரு நெம்புகோலு. உள்ள இருக்கறவன் இழுத்தா அஞ்சு வினாடில தொறந்துடும். இப்ப போன வண்டி வரைக்கும் அதான்.”

ஹாரன் அடித்தது. இந்த முறை மரியதாஸ் புத்தகத்தை அங்கேயே வைத்துவிட்டுப் போனான்.

ராஜாங்கம் நேரே குடோனுக்கு நடந்தார். பெண்கள் புளியமர நிழலில் சோறு தின்னப் போயிருந்தார்கள். காவல்காரன் அர்ச்சுனன் மட்டும் இருந்தான். அர்ச்சுனனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: சேற்றில் இறங்கிய உப்பு லாரியைத் தோளால் முட்டி ஏற்றியவன், லாரியில் அப்போது லோடு இருந்ததா என்பதில்தான் ஊரில் இரண்டு கட்சி.

“டேய் அர்ச்சுனா, நான் உள்ள போறேன். கூப்பிட்டா வெளிய இருந்து கதவத் தள்ளு.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதை அவர் மாட்டியபோது குடோன் காலி. சுவர், தரை, கூரைத் தகரம், அவ்வளவுதான். கதவு தாராளமாக உள்ளே வந்து சுவரோடு ஒட்டி நின்றது. அதைப் பார்த்து அவரே தன்னை மெச்சிக்கொண்டார். இப்போது உப்பு கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெண்கள் அடியிலிருந்து வெட்டி வெட்டி எடுத்ததில், மேலே காய்ந்து இறுகிய உப்பு ஓடு மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு நின்றது. அதற்கும் கதவுக்கும் நடுவே ஏழெட்டு அடி. அங்கேதான் கோணிகள், சணல் உருண்டைகள், அம்சவள்ளியின் வெற்றிலைப் பை.

மண்வெட்டியால் உப்பை அள்ளிக் கதவடியில் போட்டார். முழங்கால் உயரம் வந்ததும், “தள்ளுடா!” என்றார்.

அர்ச்சுனன் தள்ளினான். பிறகு முட்டினான். பிறகு தூர ஓடிப்போய் வந்து மோதினான்.

“மேஸ்திரி, உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கினு வெளையாடறியா?”

“தாழ்ப்பாள் இல்லடா,” என்றார் ராஜாங்கம். முழங்கால் உயர உப்பு. லாரியை ஏற்றியவன் வெளியே.

சாயங்காலம் ஆதிமூலம் முதலாளி வீட்டுக்குப் போனார். கதவைத் திருப்பிப் போட வேண்டும் என்றார். முதலாளி சிரித்தார்.

“ஏம்பா ராஜாங்கம், நீதான சொன்ன, அமெரிக்காக்காரனே இதப் பாத்துத்தான் செஞ்சான்னு?”

“அது பாதிக் கதை மொதலாளி.”

“பாண்டி வரைக்கும் சொல்லிட்டேன்பா. இப்ப போய் அமெரிக்காக்காரன் தப்பு, நானும் தப்புன்னா எவன் மதிப்பான்? சந்தனம் வச்சு கும்புட்ட கதவு. அத வெளிய தொறக்க வச்சா, லட்சுமிய நானே பிடரியப் புடிச்சு வெளிய தள்ளற மாதிரி. போ, போய்ப் படு.”

சொந்த வாயால் கட்டிய கோபுரம் தன் தலையிலேயே விழுவது எப்படி இருக்கும் என்று ராஜாங்கத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து அம்சவள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னார். சிவப்புத் தலைமுடிக்காரன் பொய் என்பதையும் சொன்னார்.

“அது எனக்கு அன்னிக்கே தெரியும்,” என்றாள். விளக்கைத் தூண்டிவிட்டு, “முந்தாநாளு ஓரத்துல சரிஞ்சுது. ஆராயி காலு மாட்டிக்கிச்சு. இழுத்துப் போட்டுட்டு, கொஞ்சம் தள்ளி ஒக்காந்துக்கினோம்” என்றாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“ரெண்டு வருஷமா அதுக்குள்ளதான் ஒக்காந்துக்கினு இருக்கேன். நீ ஒரு நாளு கேக்கல. கதவு எப்பிடி இருக்குதுன்னு கேப்ப. உள்ள இருக்கறவங்கள கேக்கல.”

ராஜாங்கம் கருவிப் பெட்டியை இழுத்து, உளியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் பன்னிரண்டு பெண்களும் கோணி, ஊசி, சணலோடு குடோன் வாசலில் மணலில் உட்கார்ந்து தைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆடிக்காற்று கோணியைப் பறித்தது, சணலைப் பறித்தது, ஆராயியின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்த்தது. அவர்கள் எழுந்திருக்கவில்லை. ராஜாங்கமும் தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக நின்றார். பத்து மணிக்கு ஆதிமூலம் முதலாளி குடையைச் சைக்கிளில் செருகிக்கொண்டு வந்து இறங்கினார்.

“இன்னாம்மா இது, கல்யாணப் பந்தியா?”

“கதவ வெளிய தொறக்கற மாதிரி வச்சுட்டா உள்ள போறோம் மொதலாளி,” என்றாள் அம்சவள்ளி.

“புருஷனும் பொண்டாட்டியும் பேசி வச்சுக்கினு வந்தீங்களா?”

“பேசல மொதலாளி. இன்னிக்குக் காலைல இருந்து அவரோட நான் பேசவே இல்ல. கேட்டுப் பாருங்க.”

முதலாளிக்குக் கோபம் வந்தது. “நான் உள்ள போயி, கதவ மூடி, நானே தொறந்து காட்டறேன். அப்பறம் எவளாவது வாயத் தொறந்தீங்க...” என்று உள்ளே நுழைந்தார்.

“தனியாப் போவாதீங்க. ஒங்களுக்கு அம்பாரம் பழக்கமில்ல,” என்று அம்சவள்ளியும் கூடவே போனாள். ராஜாங்கம் “வேணாம்மே” என்று சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. நல்ல கதவு. சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

உள்ளே முதலாளியின் குரல் கேட்டது. “எங்க சரியும்? பாறை மாதிரி இருக்குது, பாரு!” அம்பாரத்தின் மேல் குடையால் ஓங்கிக் குத்தினார் என்று பிறகு அம்சவள்ளி சொன்னாள்.

வெளியே இருந்தவர்களுக்குக் கோணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் பெருமூச்சு மாதிரி நீளமாக ஒன்று. அப்புறம் ஒன்றுமில்லை.

ராஜாங்கம் கதவில் விழுந்தார். அர்ச்சுனன் விழுந்தான். பெண்கள் அத்தனை பேரும் விழுந்தார்கள். கதவு தலைமுடி அளவுகூட அசையவில்லை.

“அம்சவள்ளி!”

“யோவ், கத்தாத. இருக்கறேன்.” குரல் மூன்று அங்குலப் பலகைக்கு அந்தப் பக்கம், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. “எனக்கு முட்டி வரைக்கும். மொதலாளிக்கு இடுப்பு வரைக்கும். அவரு அழுவுறாரு.”

“நான் அழல!” என்று முதலாளி அழுதார்.

“கதவுகிட்ட எம்மா ஒசரம்?”

“என் தோளு ஒசரம். மேல இன்னும் தொங்குது. சீக்கிரம் பாரு. தகரம் காயுது, மூச்சு முட்டுது.”

மரியதாஸின் பஸ் அப்போதுதான் வந்து நின்றிருந்தது. சத்தம் கேட்டு அவன் ஓடிவந்தான். அவன் பின்னால் பாண்டிச்சேரிக்கு டிக்கெட் எடுத்த அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். கடைசியில் ஹாரன் அடிக்க வேண்டிய டிரைவரும் வந்துவிட்டான். ஆளுக்கு ஒரு யோசனை. நடுவில் உடை என்றான் ஒருவன். குடுமியை வெட்டு என்றான் இன்னொருவன். குடுமியும் மர ஆணிகளின் தலையும் உள்பக்கம் இருந்தன. திருடன் கழற்றக் கூடாது என்று ராஜாங்கமே அப்படி வைத்தது.

ராஜாங்கம் புத்தகத்தில் பார்த்த ராக்கெட் படத்தைத்தான் நினைத்தார். காற்றை வெளியே விட்டால்தான் கதவு இளகும். விட்டு மாளவில்லை. ஒரு சின்னக் குழாய், விட்டு மாளவில்லை.

“எல்லாரும் நவுருங்கடா! தள்றத நிறுத்துங்க!” என்று கத்தினார். “தள்ளக் கூடாது. உள்ள இருக்கறத வெளிய வுடணும்!”

கதவின் அடியில், தரையை ஒட்டி, கோடாலியை ஓங்கிப் போட்டார். கோடாலி எகிறித் திரும்பி வந்தது. மறுபடி போட்டார். விரல் நகம் அளவு செதில் விழுந்தது. நல்ல மரமாகத் தேடித் தேடி வாங்கியவர் அவர். நார் ஓடும் திசையை ஒன்றுக்கொன்று மாற்றி வைத்து, பிளக்கவே கூடாது என்று இழைத்தவரும் அவர்.

“எந்தப் பாவிடா செஞ்சான் இந்தக் கதவ!”

“நீதான்யா!” என்றது உள்ளே இருந்து அம்சவள்ளியின் குரல். ஆனால் இந்த முறை அது மெலிந்திருந்தது.

ராஜாங்கம் கோடாலியை எறிந்தார். துளைக்கருவியால் வரிசையாக ஓட்டை போட்டு, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவே உளியை வைத்து அடித்தார். அவர் ஓய்ந்தபோது அர்ச்சுனன் வாங்கிக்கொண்டான். ஒரு பலகைத் துண்டு பெயர்ந்து வெளியே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக வெள்ளை வெளேரென்று உப்பு கொட்டியது. பெண்கள் கூடையால் வாரினார்கள், கோணியால் இழுத்தார்கள், கையால் பறித்தார்கள். ஓட்டை பெரிதானது. உப்பு வாசற்படியைத் தாண்டி மணலில் பரவிக்கொண்டே இருந்தது. ராஜாங்கம் படுத்துக்கொண்டு ஓட்டைக்குள் தோள்வரை கையை விட்டுத் தோண்டினார். தோண்டிய கையை உள்ளே இருந்து இன்னொரு கை பிடித்தது. கோணி ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள்.

“இப்ப தள்ளு,” என்றாள்.

கதவு ஒரு சாண் திறந்தது. இரண்டு சாண் திறந்தது. அம்சவள்ளிக்கு அது போதும்; அவள் வரவில்லை. முதலாளிக்குப் போதவில்லை. அவர் உடம்புக்கு இன்னும் இரண்டு சாண் தோண்டி, பின்னாலிருந்து அவள் நெட்டி, முன்னாலிருந்து அர்ச்சுனன் இழுத்து, கடைசியில் அவர் பதப்படுத்திய கருவாடு மாதிரி வெள்ளையாக வெளியே வந்து விழுந்தார். அப்புறம்தான் அவள் வந்தாள்.

மரியதாஸ் கடிகாரத்தைப் பார்த்தான். “பதினோரு நிமிஷம்,” என்றான்.

முதலாளி சொம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டு, வாசல் முழுக்கப் பரவிக் கிடந்த உப்பைப் பார்த்தார். “போச்சே. லட்சுமி வெளிய போயிட்டாளே.”

“அவ வெளிய போனதாலதான் மொதலாளி நாம உசுரோட இருக்கறோம்,” என்றாள் அம்சவள்ளி. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “ஒங்க தொழிலே அவ வெளிய போறதுதான? லாரி ஏறிப் போனாத்தான ஒங்க வீட்டுல அடுப்பு எரியும்? உள்ளயே ஒக்கார வச்சுக்கினு கும்புட்டா இன்னா வரும்?”

முதலாளி வாயைத் திறந்தார். உப்புதான் வந்தது. துப்பிவிட்டு, “வெளிய தொறக்கற மாதிரியே போடுப்பா” என்றார்.

ராஜாங்கம் அதே பலகையில்தான் புதுக் கதவைச் செய்தார். வெட்டிய இடத்தில் ஒட்டுப் போட்டார். இழைத்து மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. நிலையைப் பெயர்த்துத் திருப்பினார். தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, உள்ளே இடுப்பு உயரத்தில் ஒரு மர நெம்புகோல் வைத்தார். கை நிறைய வேலையோடு இருப்பவள் இடுப்பால் இடித்தாலே விட்டுக்கொடுக்கும். காற்றுக்கு என்ன செய்வது என்று மூன்று நாள் யோசித்து, படகு கட்டும் கயிற்றால் கதவுக்கு ஒரு மூக்கணாங்கயிறு போட்டார். அதுவும் போதாது என்று அவருக்குத் தெரியும். ஐப்பசிக் காற்றில் என்றைக்காவது இந்தக் கதவு பிய்த்துக்கொண்டு போகும். போகட்டும், அன்றைக்கு இன்னொன்று செய்யலாம் என்று முதல் தடவையாக நினைத்தார். மாட்டுவதற்கு முன்னால் அம்சவள்ளியைக் கூப்பிட்டு, நெம்புகோல் எந்த உயரத்தில் இருந்தால் வசதி என்று கேட்டார். அவள் நாலு விரல் கீழே இறக்கச் சொன்னாள். இறக்கினார்.

சோதனை நாளன்று பஸ் பயணிகளும் பார்க்க வந்துவிட்டார்கள். பன்னிரண்டு பெண்களும் உள்ளே. மரியதாஸ் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு விசில் ஊதினான். உள்ளே நெம்புகோல் சரியாக விழுகிறதா என்று கேட்பதற்காக ராஜாங்கம் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். எந்தப் பக்கம் திறக்கும் கதவு என்பது, அதைச் செய்தவருக்கே அந்த நேரத்தில் மறந்துவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம்.

கதவு அவரைத் தூக்கி அடித்தது. புளியமரம் வரை போய் விழுந்தார் என்பார்கள், நாலடி இருக்கலாம். மூக்கிலிருந்து ரத்தம். பெண்கள் அவரைத் தாண்டித் தாண்டி வெளியே ஓடினார்கள். ஆராயி மிதித்துக்கொண்டே ஓடினாள். அம்சவள்ளி நின்று, முந்தானையால் அவர் மூக்கை அமுக்கினாள்.

“அறிவிருக்குதா ஒனக்கு? அங்க போயி நிப்பியா?”

“அடிச்சா அடிக்கட்டும் மே,” என்றார் ராஜாங்கம், முந்தானைக்குள்ளிருந்து. “வெளிய இருக்கறவனத்தான அடிச்சுது.”

அவள் கொஞ்சம் அழுத்தமாகவே அமுக்கினாள். அவர் அதற்குள் கழுத்தைத் திருப்பினார்.

“கண்டக்டரே, எம்மா நேரம்?”

“நாலு வினாடி.”

“அமெரிக்காக்காரனுக்கு?”

“அஞ்சு.”

ராஜாங்கம் ரத்தத்தோடு சிரித்தார். “எழுதிப் போடு அவனுக்கு,” என்றார். “வந்து பாத்துட்டுப் போவட்டும்.”